பாட்டியின் கடிதங்களை லேமினேட் செய்யலாமா?

கேள்வி: என் கணவரின் பாட்டி யூதர். சிறுமியாக 1939இல், நாஜிகளிடமிருந்து யூதக் குழந்தைகளைக் காப்பாற்ற விடப்பட்ட 'குழந்தைகள் ரயிலில்', பெற்றோரை விட்டு வியன்னாவிலிருந்து இங்கிலாந்து வந்தவர். சமீபத்தில் காலமானார். ஒரு தகர டப்பா நிறைய அவருடைய அப்பா அம்மா எழுதிய கடிதங்களும், செஞ்சிலுவைச் சங்கம் வழியாக வந்த செய்திப் படிவங்களும் இருக்கின்றன. பசைப் பக்கம் கொண்ட ஆல்பம் ஒன்றும், வந்த அன்று போட்டிருந்த கம்பளிச் சட்டையும் உண்டு. கடிதங்களை லேமினேட் செய்து பாட்டியின் மூன்று பிள்ளைகளும் பங்கிட்டுக்கொள்ளலாம் என்கிறார் மாமனார். சரிதானா? (லண்டன் வாசகி)

பதில்: இரண்டுமே வேண்டாம். லேமினேட் செய்த பிளாஸ்டிக்கைச் சேதமில்லாமல் பிரிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். அந்தக் காலத்துக் காகிதம் பெரும்பாலும் மரக்கூழில் செய்தது, அதற்குள்ளேயே அமிலம் இருக்கிறது. மூடி ஒட்டிவிட்டால் அமிலம் உள்ளேயே நின்று தாளை நொறுங்க வைக்கும்.

பங்கு போடுவது அதைவிடப் பெரிய இழப்பு. 1938 டிசம்பர் முதல் போர் தொடங்கும்வரை சுமார் 10,000 குழந்தைகள் இப்படி பிரிட்டனுக்கு வந்தார்கள். போர் மூண்டதும் நேரடித் தபால் நின்றுபோனது. மிஞ்சியது பெரும்பாலும் செஞ்சிலுவைப் படிவம்தான். அதில் 25 சொற்கள்தான் எழுதலாம். பதிலை அதே தாளின் பின்பக்கத்தில் எழுதி அனுப்புவார்கள், போய்வர மாதக்கணக்காகும். ஆக, ஒரே தாளில் மகள் ஒரு பக்கம், பெற்றோர் மறுபக்கம், கூடவே தணிக்கை முத்திரைகளும் தேதிகளும். வியன்னாவில் யூதர்களை வீட்டைவிட்டுத் துரத்தி, ஒரே குடியிருப்பில் பல குடும்பங்களாக அடைத்தார்கள். 1941, 1942இல் அவர்களை ரயில் ரயிலாகக் கெட்டோக்களுக்கும் (யூதர்களை அடைத்துவைத்த பகுதிகள்) கொலைக்களங்களுக்கும் அனுப்பினார்கள். அனுப்புநர் முகவரி எப்போது மாறியது, கடைசித் தேதி எது என்பதெல்லாம் கட்டு முழுதாக இருந்தால்தான் தெரியும். மூன்று வீடுகளுக்குப் பிரிந்துவிட்டால் அந்தக் கதை யாருக்கும் கிடைக்காது.

அதனால் முதல் வேலை, டப்பாவைத் திறந்தபடியே போனில் படம் எடுங்கள். எது எதனுடன் இருந்தது, எந்தக் கட்டு எந்த நாடாவில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாட்டி அடுக்கிய வரிசைக்கும் காரணம் இருந்திருக்கும், தேதிவாரியாக நீங்கள் மாற்றி அடுக்காதீர்கள். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு வெறுங்கையாலேயே தாளைத் தொடலாம். துணிக் கையுறை போட்டால் ஓரம் கிழிவதுகூடத் தெரியாது. துருப்பிடித்த கிளிப் சுலபமாக வந்தால் எடுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். கிழிசலில் செலோடேப் ஒட்டவே வேண்டாம்.

அப்புறம் ஸ்கேன். தாளின் இரு பக்கமும், உறையும், எழுத்தில்லாத பின்பக்கமும் சேர்த்து 600 டிபிஐ (படத்தின் நுணுக்க அளவு), தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக. மாமனாருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் முழுத் தொகுப்பின் பிரதி ஆளுக்கு ஒன்று கொடுங்கள். சுவரில் மாட்ட ஆசை என்றால் பிரதியை மாட்டுங்கள், மூலம் வெளிச்சத்தில் மங்கிவிடும். எழுத்து யாருக்கும் புரியவில்லை என்றால் அது குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தாக இருக்கலாம். இன்றைய ஜெர்மானியரிலேயே பலருக்கு அது வாசிக்க வராது, பழகியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

மூலத் தாள்களை அமிலமில்லாத உறைகளிலும் பெட்டியிலும் வையுங்கள். பிளாஸ்டிக் உறைதான் வேண்டுமென்றால் பாலியஸ்டர் மட்டும், பிவிசி கூடாது. பரணும் நிலவறையும் வேண்டாம், படுக்கையறை அலமாரி போதும். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை இழுக்காதீர்கள். பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிட்டு, மெழுகு பூசாத பல் இடுக்கு நூலை அடியில் மெல்ல ஓட்டிப் பாருங்கள். பிடிவாதம் பிடித்தால் அப்படியே இருக்கட்டும்.

கம்பளிச் சட்டையைத் துவைக்காதீர்கள். ஒட்டுத்தையல், கறை, உள்ளே தைத்த பெயர்த்துணி எல்லாமே அந்தப் பயணத்தைச் சேர்ந்தவை. அந்துருண்டையும் வேண்டாம். அமிலமில்லாத மெல்லிய தாளை மடிப்புகளுக்குள் சுருட்டி வைத்து, தட்டையான பெட்டியில் வையுங்கள். பூச்சி அரித்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

வீட்டில் வைத்துக் காப்பாற்றுவது சிரமம் என்றால் உங்கள் ஊரிலேயே, நாஜிகளின் யூதப் படுகொலை பற்றிய ஆவணங்களைச் சேர்க்கும் வீனர் ஹோலோகாஸ்ட் நூலகம் இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து தப்பிய ஆல்ஃபிரட் வீனர் 1933இல் ஆம்ஸ்டர்டாமில் ஆரம்பித்து, 1939இல் லண்டனுக்குக் கொண்டுவந்தது அந்தச் சேகரிப்பு. குடும்பக் காகிதங்களை அங்கே பெற்றுக்கொள்கிறார்கள். கொடுக்கும் முன் கொடைப் பத்திரத்தை மூவரும் சேர்ந்து வாசியுங்கள். யார் பார்க்கலாம், இணையத்தில் போடலாமா, பதிப்புரிமை யாருக்கு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

பாட்டியின் பெற்றோருக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை என்றால், நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களின் பதிவுகளை வைத்திருக்கும், ஜெர்மனியின் பாட் அரோல்சனில் உள்ள அரோல்சன் ஆவணக் காப்பகத்துக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் இல்லை. பெயர், பிறந்த தேதி, கடைசியாகத் தெரிந்த முகவரி மூன்றும் கேட்பார்கள். அந்த முகவரி, அநேகமாக, கடைசிப் படிவத்தில் இருக்கும்.