மனப் பதற்றத்தைச் சொல்லும் சீன மரபுத்தொடர் ஏதாவது உண்டா?

நிறையவே உண்டு. எனக்குப் பிடித்தது 'சாவ் மூ ஜியே பிங்'. புல்லும் மரமும் எல்லாமே போர்வீரர்கள் என்று பொருள். நம் 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்'தான். ஆனால் அங்கே அரண்டவன் யார் என்று ஊர், பேர், ஆண்டோடு எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆள், 'முன் ச்சின்' என்ற அரசின் மன்னன் ஃபூ ஜியன். ஆண்டு 383. வட சீனா மொத்தமும் அவன் கையில். தெற்கே மிச்சமிருந்த கிழக்கு ஜின் அரசையும் பிடிக்கக் கிளம்பினான். அவனிடம் எட்டு லட்சத்துக்கு மேல் படை, எதிரியிடம் 80,000 என்கின்றன பழைய வரலாறுகள் (மிகைதான், பாதியைத் தள்ளிவிட்டாலும் பெரும்படை). என் வீரர்கள் சாட்டைகளை யாங்ட்சி ஆற்றில் எறிந்தாலே அதன் ஓட்டம் நின்றுவிடும் என்று பேசியவன்.

ஆனால் ஒரு மோதலில் அவனுடைய முன்னணிப் படை அடிவாங்கியது. அதோடு மனசு ஆட்டம் கண்டுவிட்டது. ஷோவ்யாங் கோட்டை மதிலில் ஏறிப் பார்த்தால், பாகோங் மலையின் செடிகொடியெல்லாம் எதிரி ஆட்களாகத் தெரிகின்றன. 'இவர்களைக் குறைவு என்று யார் சொன்னது?' என்று தம்பியிடம் கேட்டானாம்.

அப்புறம் ஃபெய் ஆற்றங்கரை. நாங்கள் கரையேற இடம்விட்டுக் கொஞ்சம் பின்வாங்குங்கள் என்றது ஜின் தரப்பு. பாதி ஆற்றில் வைத்து அடிக்கலாம் என்று இவனும் சம்மதித்தான். படை திரும்பியதும் பின்னாலிருந்து 'தோற்றோம், தோற்றோம்' என்று ஒரு கூச்சல். கத்தியவர் சூ ஷூ, முன்பு ஜின்னிடமிருந்து பிடிபட்ட தளபதி! எல்லோரும் ஓட்டம் பிடித்தார்கள். வழியில் காற்று வீசினாலும் கொக்கு கத்தினாலும் துரத்தி வருகிறார்கள் என்றே நினைத்தார்களாம். அதுவும் 'ஃபெங் ஷெங் ஹெ லி' என்று தனி மரபுத்தொடராகிவிட்டது.

ஜெயித்தவர்கள் மட்டும் நிம்மதியாகவா இருந்தார்கள்? ஜின் அமைச்சர் ஷியே ஆன், வெற்றிச் செய்தி வந்தபோது விருந்தாளியோடு வெய்ச்சி ('கோ' எனப்படும் பலகை விளையாட்டு) ஆடிக்கொண்டிருந்தார். கடிதத்தைப் படித்து ஓரமாக வைத்துவிட்டு, 'பையன்கள் எதிரியை முறியடித்துவிட்டார்கள்' என்று மட்டும் சொல்லி ஆட்டத்தைத் தொடர்ந்தார். ஆட்டம் முடிந்து உள்ளே போகும்போது வாசற்படியில் இடித்து மரச்செருப்பின் அடிக்கட்டை உடைந்தது, அதுகூடத் தெரியவில்லை. எனக்கு அரசனைவிட இவரைத்தான் பிடிக்கும்.

ஒன்று கவனியுங்கள்: இவை பயந்து போனவனுக்கான தொடர்கள். தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் தவிப்புக்குப் பொருந்தாது. அதற்கு வேறு இருக்கிறது: பதினைந்து வாளியில் தண்ணீர் இறைக்கிற மாதிரி, ஏழு மேலே, எட்டு கீழே.