24 தவணைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் கைபேசிக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. சில மாதங்களாகப் பாடாய்ப் படுத்துகிறது. 25 சதவீதம் சார்ஜ் இருப்பதாகக் காட்டிக்கொண்டே திடீரென்று அணைந்துவிடுகிறது. குறிப்பாகப் படம் எடுக்கும்போது. சேமிப்பிடம் நிரம்பிவிட்டது என்று நாள்தோறும் அறிவிப்பு வருகிறது. எதைத் தட்டினாலும் யோசித்து யோசித்துத்தான் திறக்கிறது. கடையில் விசாரித்தேன். பழையதைக் கொடுத்துவிட்டு, மீதியை வட்டியில்லாமல் 24 மாதத் தவணையில் கட்டலாம் என்கிறார்கள். நாள் கணக்கில் பிரித்துப் பார்த்தால் சில்லறைக் காசுதான் என்கிறான் மகன். தாமதித்தால் பழையதன் மதிப்பும் இறங்கிவிடுமாம். எனக்குப் பேச வேண்டும், செய்தி அனுப்ப வேண்டும், வங்கி வேலைகளைப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் பெரிய தேவை இல்லை. தவணை கட்டுப்படியாகும் போலத்தான் தெரிகிறது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. என்ன செய்யட்டும்?

எம்.

அன்புள்ள எம்,

உங்கள் கடிதத்தில் குறைகள் மூன்று இருக்கின்றன. கடைக்காரர் சொன்ன விடை ஒன்று. அவரிடம் வேறு எந்தக் குறையோடு போயிருந்தாலும் இதே விடைதான் கிடைத்திருக்கும். ஆகவே தவணையைச் சற்று நேரம் ஓரமாக வைத்துவிட்டுக் குறைகளைப் பார்ப்போம்.

25 சதவீதத்தில் அணைந்துபோவது பெரும்பாலும் பேட்டரியின் முதுமை. லித்தியம் அயனி பேட்டரி நிரம்பித் தீரும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தேய்கிறது. அதன் கொள்ளளவு குறைவது எல்லோருக்கும் தெரியும். காலையில் நிரப்பியது மாலைவரை வராது. கூடவே நடக்கும் இன்னொன்றுதான் கண்ணுக்குத் தெரிவதில்லை. பேட்டரியின் உள்மின்தடை ஏறிக்கொண்டே போகிறது. நீங்கள் செய்தி படித்துக்கொண்டிருக்கும்போது கைபேசி நிதானமாக மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. கேமராவைத் திறந்து ஃபிளாஷும் அடித்தால் திரை, செயலி, விளக்கு மூன்றும் ஒரே கணத்தில் கேட்கின்றன. தொட்டியில் தண்ணீர் இருந்தும் அடைத்த குழாயில் வேகமாக வராதது போல, மூத்த பேட்டரியால் அந்தக் கணத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. மின்னழுத்தம் சரிகிறது. உள்ளே இருக்கும் மின்சுற்றுகளைக் காப்பாற்றக் கைபேசி தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. ‘படம் எடுக்கும்போது’ என்று நீங்கள் குறிப்பிட்டு எழுதியதால்தான் இவ்வளவு துணிந்து சொல்கிறேன்.

நாளுக்கு ஒரு சுற்று என்று வைத்தாலும் நான்கு ஆண்டில் 1,400-ஐத் தாண்டிவிடும். ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி, முறையாகப் பயன்படுத்தினால், 500 சுற்றுகளுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது என்பது ஆப்பிள் நிறுவனமே சொல்லும் கணக்கு. ஐபோன் 15 முதல் அது 1,000 சுற்றாக உயர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விற்பனைக்கு வரும் கைபேசிகளின் பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இவற்றோடு ஒப்பிட்டால் உங்கள் பேட்டரி இதுவரை உழைத்ததே பெரிது.

இப்படித் திடீரென்று அணைவதைத் தவிர்க்க, பேட்டரி தேய்ந்த ஐபோன்களின் வேகத்தை ஆப்பிள் மென்பொருள் வழியாகக் குறைத்துவந்தது. 2017 டிசம்பரில் அதை ஒப்புக்கொண்டபோது பெரும் கூச்சல் எழுந்தது. சமாதானப்படுத்துவதற்காக 2018-இல் பேட்டரி மாற்றும் கட்டணத்தைப் பாதிக்கும் கீழே இறக்கினார்கள். அடுத்து நடந்ததுதான் சுவாரசியம். 2019 ஜனவரியில், ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த டிம் குக் முதலீட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். பழைய ஐபோனிலிருந்து புதியதற்கு மாறுவோர் எதிர்பார்த்த அளவு இல்லாததற்குப் பல காரணங்களை அடுக்கியபோது, கட்டணம் குறைந்ததால் பலர் பேட்டரியை மாற்றிக்கொண்டதையும் அவற்றில் ஒன்றாகச் சொன்னார். புதிய கைபேசி வாங்கியிருக்கக்கூடியவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையில் தேவைப்பட்டது பேட்டரி மட்டுமே என்று விற்பவரே வாக்குமூலம் கொடுத்துவிட்ட பிறகு வேறு சாட்சி எதற்கு?

சேமிப்பிடம் நிரம்பியதும் வேகம் குறைந்ததும் பல நேரம் ஒரே தொல்லையின் இரண்டு முகங்கள். கைபேசியின் சேமிப்புச் சில்லான ஃபிளாஷ் நினைவகத்தில் புதிதாக எழுத வெற்றிடம் வேண்டும். அது இல்லாதபோது இருப்பதை நகர்த்தி, அழித்து, பிறகு எழுத வேண்டியிருக்கிறது. நீங்கள் தட்டியதும் அது ‘யோசிப்பது’ பாதி இதனால்தான். வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பகுதியைத் திறந்து பாருங்கள். 5 எம்பிக்கு மேற்பட்டவை, பலமுறை முன்னனுப்பப்பட்டவை என்று அதுவே பிரித்து வைத்திருக்கும். யாரோ யாருக்கோ அனுப்பிய வீடியோக்களுக்காகப் புதிய கைபேசி வாங்குகிறவர்கள் நம்மில் எத்தனை பேரோ!

இனி தவணை. மகன் சொன்னதுபோல் நாளால் வகுத்தால் உலகத்தில் எதுவுமே சில்லறைக் காசுதான். வகுப்பது விற்பவரின் வேலை. நீங்கள் பெருக்கிப் பாருங்கள். 24 தவணை, முன்பணம், பரிசீலனைக் கட்டணம், கூடவே தலையில் கட்டப்படும் காப்பீடு எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக எழுதுங்கள். பிறகு கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “முழுப் பணத்தையும் இன்றே கொடுத்தால் என்ன விலைக்குத் தருவீர்கள்?” இரண்டு தொகைக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் வட்டி, அதற்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருந்தாலும் சரி. வித்தியாசமே இல்லை என்றால் அது உண்மையிலேயே நல்ல தவணைதான், மறுக்கமாட்டேன். வேறு இடத்தில் ‘ஆண்டுக்கு 12 சதவீதம்தான்’ என்று சொன்னால், அந்த வட்டியை முழுக் கடனுக்கும் போடுகிறார்களா, குறைந்துவரும் பாக்கிக்குப் போடுகிறார்களா என்று கேளுங்கள். முழுக் கடனுக்கும் என்றால், ஓராண்டுத் தவணையில் உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும். மாதாமாதம் கடன் கரைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முதல் நாள் கடனுக்கே போய்க்கொண்டிருக்கும்.

மாதச் செலவு என்று நாம் சொல்லும் தொகையிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. தவணைத் தொகை வேறு, கைபேசி உங்களுக்கு மாதத்துக்கு எவ்வளவு செலவு வைக்கிறது என்பது வேறு. ஒரு பேச்சுக்கு விலையை 100 பங்கு என்று கொள்வோம். இரண்டு ஆண்டில் 40 பங்குக்குக் கைமாற்றிவிட்டால், 60 பங்கை 24 மாதம் தின்றிருக்கிறது. மாதம் இரண்டரைப் பங்கு. அதே கைபேசியை நடுவில் 8 பங்கு செலவில் பேட்டரி மாற்றி ஐந்து ஆண்டு வைத்திருந்து, கடைசியில் 8 பங்குக்குத் தள்ளிவிட்டால், 100 பங்கு, 60 மாதம். மாதம் ஒன்றே முக்கால் பங்குக்கும் குறைவு. 25-ஆம் மாதம் முதல் தவணையும் கிடையாது. கைபேசி மலிவாகும் காலமே அதற்குப் பிறகுதான். சில திட்டங்கள் அந்தக் காலம் வருவதற்குள் ‘அடுத்த மாடலுக்கு மாறிக்கொள்ளலாம்’ என்று அன்போடு அழைக்கும். மாறிக்கொண்டே இருப்பவருக்குத் தவணையில்லாத மாதம் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை.

உங்களுடைய பழைய கைபேசி இப்போது அந்த இலவசக் காலத்தில்தான் இருக்கிறது. அதன் மதிப்பு இறங்கும் என்பது உண்மை. ஆனால் இறங்க வேண்டியதில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே இறங்கிவிட்டிருக்கும். தவிர, தானாக அணையும் கைபேசியைப் பரிசோதித்துப் பார்த்த பிறகும் கடைக்காரர் முதலில் சொன்ன தொகையிலேயே நிற்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. மகனுக்கு இதில் சொந்த அக்கறை ஏதும் உண்டா என்று நான் கேட்கமாட்டேன்.

ஆசைப்பட்டு வாங்குவதை நான் குறைசொல்பவன் அல்ல. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரியில்கூட ஆசை தென்படவில்லை. கேமராவின் தரம் பற்றிக்கூட நீங்கள் பேசவில்லை. அதைப் பற்றிப் பேசியிருந்தால், முதலில் லென்ஸைத் துணியால் துடைத்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கடைக்காரரின் பக்கம் போய்விடுவேன். நீங்கள் வங்கி வேலைகளையும் கைபேசியில்தான் பார்க்கிறீர்கள். அப்படியென்றால் அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு இன்னும் வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஆண்ட்ராய்டு என்றால் அமைப்புகளில் ‘கைபேசியைப் பற்றி’ என்ற பகுதிக்குப் போய் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தட்டுங்கள். கடைசிப் புதுப்பிப்பின் தேதி இருக்கும். அது ஓராண்டுக்கு மேல் பழையதாகவும், நிறுவனம் அந்த மாடலைக் கைவிட்டதாகவும் தெரிந்தால், பேட்டரிக்குச் செலவழிக்க வேண்டாம். புதியது வாங்குங்கள், தவணையிலானாலும் சரி. வாங்கும்போது எத்தனை ஆண்டுப் புதுப்பிப்பு என்று கேட்டு வாங்குங்கள். கூகுள் 2023-இல் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024-இல் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டு என்று அறிவித்தன. விலை குறைந்த மாடல்கள் பலவற்றுக்கு இதில் பாதிகூட இருக்காது. பெட்டியின் மேல் பளபளவென்று அச்சிட்டிருக்கும் மெகாபிக்சல் எண்ணிக்கையைவிட இந்த எண் உங்களுக்கு முக்கியம்.

தேதி சரியாக இருந்தால் பேட்டரியை மாற்றிக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் சேவை மையத்திலேயே கொடுப்பது நல்லது. போலிப் பேட்டரிகள் ஏராளமாக உலவுகின்றன. கொடுப்பதற்கு முன் படங்களையும் தொடர்பு எண்களையும் வேறிடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். பிரித்து மூடிய பிறகு நீர்ப்புகாத் தன்மை பழையபடி இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். பின்மூடியோ திரையோ சற்றே புடைத்திருப்பதாகத் தெரிந்தால் மேற்கொண்டு சார்ஜ் போடாமல், அழுத்திப் பார்க்காமல், அன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.