அட்டவணையா, கிரிட்டா? ஒரு கட்டத்தைத் தனியே எடுத்துப் பாருங்கள்

கேள்வி: நீண்ட விளக்கக் குறிப்புகள் எழுதுகிறேன். சிலவற்றில் கருவிகளை ஒப்பிடுவேன், சிலவற்றில் ஒரு வேலையைப் படிப்படியாகப் படங்களோடு சொல்வேன். எல்லாவற்றையும் அட்டவணைக்குள் போட்டுவிடுவது பழக்கமாகிவிட்டது. கணினியில் ஒழுங்காகத் தெரிகிறது. கைபேசியில் திறந்தால் எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சிதறுகின்றன; படம் ஓரிடத்தில், அதன் விளக்கம் வேறிடத்தில். இடைவெளி தட்டி வரிசைப்படுத்தியும் பார்த்தேன். ஆங்கிலத்தில் நேராக நிற்பது தமிழில் நிற்பதில்லை. பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து உள்ளடக்கத்தை அடுக்கும் கிரிட் முறைக்கு மாறிவிடலாமா?

பதில்: பாதிக்கு மாறலாம், பாதிக்கு மாறக் கூடாது. உங்கள் குறிப்புகளில் இரண்டு வேறு வேலைகள் ஒரே உருவத்தில் நடக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் சிக்கலில் பெரும்பகுதி தானாகவே போய்விடும்.

எது அட்டவணைக்கு உரியது என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஏதாவது ஒரு கட்டத்தில் இருப்பதை மட்டும் தனியே எடுத்துப் படியுங்கள். "420" என்று இருக்கிறது. அது என்ன? மேலே "எடை, கிராம்" என்ற தலைப்பும், இடப்பக்கம் "இரண்டாவது கேமரா" என்ற பெயரும் சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வருகிறது. இப்படி இரண்டு திசையிலிருந்தும் பொருள் வாங்குவதுதான் அட்டவணை. இன்னொரு கட்டத்தில் ஒரு படமும் "திருகைத் தளர்த்துங்கள்" என்ற வரியும் இருக்கின்றன. அதற்கு மேலும் பக்கத்திலும் எந்தத் தலைப்பும் தேவையில்லை. எங்கே வைத்தாலும் புரியும். அது கிரிட்டுக்கு உரியது. இந்த இரண்டிலும் சேராத ஒரு வகையும் உங்களிடம் இருக்கும் என்று ஊகிக்கிறேன்: இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் ஐந்து வரி விளக்கம். அதற்கு இரண்டுமே வேண்டாம். துணைத்தலைப்பு போட்டுப் பத்தியாக எழுதுங்கள்.

இந்தக் குழப்பம் உங்களோடு தொடங்கியதல்ல. 1990களின் நடுவில் இணையப் பக்கங்களை வடிவமைத்தவர்களுக்கு இரண்டு பகுதிகளைப் பக்கம் பக்கமாக நிறுத்த அட்டவணையை விட்டால் நல்ல வழி இல்லை. கோடுகளை மறைத்துவிட்டு அதையே சட்டகமாகப் பயன்படுத்தினார்கள். 1997 டிசம்பரில் வந்த, இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல்லின் 4.0 விதிமுறையே, வெறும் வடிவமைப்புக்காக அட்டவணையைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சொல்லி என்ன, இதற்கென்றே உருவான மாற்று வழி கையில் இல்லையே. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியின் கிரிட் என்ற அந்த மாற்று, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி உலாவிகள் மூன்றிலும் 2017 மார்ச்சில்தான் வந்து சேர்ந்தது. இடைப்பட்ட இருபது ஆண்டுப் பழக்கம் இன்னும் எல்லோர் கையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் படங்கள். நீங்கள் மேல் வரிசையில் மூன்று படங்கள், கீழ் வரிசையில் மூன்று விளக்கங்கள் என்று அட்டவணை போடுகிறீர்கள் என நினைக்கிறேன். கண்ணுக்கு அது மூன்று ஜோடி. கணினிக்கோ அது முதலில் மூன்று படம், பிறகு மூன்று வரி. கைபேசியில் கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும்போது அதே வரிசையில்தான் வரும். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் அதே வரிசையில்தான் படிக்கும். எனவே படத்தையும் அதன் விளக்கத்தையும் எப்போதும் ஒரே கட்டத்துக்குள் வையுங்கள். படிகளை இடமிருந்து வலமாக நிரப்புங்கள்: முதல் வரிசையில் 1, 2, அடுத்ததில் 3, 4. இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்றும், வலப்பக்கம் 4, 5, 6 என்றும் அட்டவணையில் வைத்தால் கைபேசியில் 1, 4, 2, 5 என்று வந்து நிற்கும். ஒவ்வொரு படிக்கும் எண்ணும் போட்டுவிடுங்கள். எந்தக் கருவி எப்படிக் குலைத்தாலும் வாசகர் வழிதவற மாட்டார்.

கிரிட்டில் "இரண்டு நெடுவரிசை" என்று எண்ணிக்கையைக் கட்டாயப்படுத்துவதைவிட, "ஒரு கட்டம் குறைந்தது இவ்வளவு அகலம் இருக்கட்டும், இடத்துக்கு ஏற்ப எத்தனை பிடிக்குமோ அத்தனை வரட்டும்" என்று அமைப்பதே நல்லது. அகலத் திரையில் மூன்றாக நிற்பது கைபேசியில் தானே ஒன்றாகிவிடும். நீங்கள் எழுதும் கருவியில் அந்த வசதி இல்லையென்றால் கிரிட்டை மறந்துவிட்டு, படம், விளக்கம், படம், விளக்கம் என்று நேராகக் கீழே இறங்குங்கள். படிப்படியான செய்முறைக்கு அதைவிடத் தெளிவான வடிவம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒப்பீடுகள் அட்டவணையாகவே இருக்கட்டும். அங்கே தமிழுக்கென்று ஒரு தொல்லை உண்டு. 360 பிக்சல் அகலமுள்ள கைபேசித் திரையில் நான்கு நெடுவரிசை வைத்தால், ஓரங்களும் கட்டத்துக்குள் விடும் வெளியும் போக ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 65 பிக்சல் மிஞ்சும். வழக்கமான 16 பிக்சல் அளவில் அதற்குள் நான்கைந்து தமிழ் எழுத்து கொள்ளும். "ஒளிப்படக்கருவி" எப்படி நுழையும்? பொதுவாக அட்டவணையில் ஒரு நெடுவரிசையின் குறைந்தபட்ச அகலத்தைத் தீர்மானிப்பது அதிலுள்ள உடைக்க முடியாத மிக நீளமான சொல்தான். நாமோ வேற்றுமை உருபு, துணைவினை எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறவர்கள். அதனால் ஒன்று அட்டவணை திரைக்கு வெளியே நீள்கிறது. அல்லது எங்கே வேண்டுமானாலும் சொல்லை உடைக்கலாம் என்று அமைத்திருந்தால், நீங்கள் சொன்னதுபோல் எழுத்துகள் சிதறுகின்றன.

மருந்து பெரும்பாலும் எழுத்து நடையில்தான் இருக்கிறது. கட்டத்துக்குள் வாக்கியம் எழுதாதீர்கள். "நீரில் நனைந்தாலும் பழுதாகாது" என்பதைத் தலைப்பில் "நீர்க்காப்பு" என்றும் கட்டத்தில் "உண்டு" என்றும் ஆக்கலாம். அலகைத் தலைப்பில் ஒருமுறை சொல்லிவிட்டு உள்ளே எண்ணை மட்டும் வையுங்கள். நீளமான சொல்லைத் தவிர்க்கவே முடியாவிட்டால் பூஜ்ஜிய அகல இடைவெளி என்ற கண்ணுக்குத் தெரியாத குறியைச் சொல்லின் நடுவில் இட்டு, உடையும் இடத்தை நீங்களே தீர்மானிக்கலாம். ஆனால் அப்படிச் செய்த சொல் தேடலில் அகப்படாமல் போகக்கூடும் என்பதால் நான் அதை அரிதாகவே பரிந்துரைக்கிறேன்.

எதைக் கிடையாக வைப்பது, எதை நெடுக வைப்பது? எண்களைப் பக்கவாட்டில் ஒப்பிடுவதைவிட மேலிருந்து கீழாக ஒப்பிடுவது கண்ணுக்கு எளிது. எனவே எடையையும் பேட்டரியையும்தான் வாசகர் ஒப்பிடப்போகிறார் என்றால் கேமராக்கள் கிடைவரிசைகளாகவும், பண்புகள் நெடுவரிசைகளாகவும் வரவேண்டும். ஆனால் மூன்று கேமரா, ஒன்பது பண்பு என்றால் இந்த விதி கைபேசியில் கவிழ்ந்துவிடும். பத்து நெடுவரிசையை யார் விரலால் தள்ளிக்கொண்டே படிப்பார்கள்? அப்போது திருப்பிப் போடுங்கள். அதைவிட நல்லது, ஒன்பது பண்பில் முடிவை மாற்றக்கூடியவை எவை என்று பார்த்து நான்கை மட்டும் அட்டவணையில் விட்டு, மற்றவற்றைக் கீழே இரண்டு வரியில் சொல்லிவிடுவது. பெரிய அட்டவணைகளில் பாதி, எழுதியவர் தேர்ந்தெடுக்கத் தயங்கியதன் விளைவு என்பது என் எண்ணம்.

எண்களை வலப்பக்கம் ஒட்டியும், சொற்களை இடப்பக்கம் ஒட்டியும் வையுங்கள். செங்குத்துக் கோடுகள் பெரும்பாலும் தேவைப்படாது. வெற்றுக் கட்டம் மட்டும் விடாதீர்கள்: "இல்லை", "பொருந்தாது", "தகவல் கிடைக்கவில்லை" மூன்றும் மூன்று வெவ்வேறு செய்தி.

இடைவெளி தட்டுவது ஏன் தமிழில் நிற்கவில்லை என்று கேட்டீர்கள். எச்டிஎம்எல் இயல்பாகவே அடுத்தடுத்த இடைவெளிகளை ஒன்றாகச் சுருக்கிவிடும். அதைத் தடுத்துச் சம அகல எழுத்துருவில் இட்டாலும், அந்த எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் கிடையாது. தமிழ் எழுத்துகள் வேறொரு எழுத்துருவிலிருந்து வரும், ஒவ்வொன்றும் ஓர் அகலத்தில். போதாக்குறைக்கு, "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ஐந்து குறி. குறிகளை எண்ணி இடம் ஒதுக்கும் கருவி எங்கே நிறுத்தும்? அந்த முயற்சியை விட்டுவிடுங்கள். எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுன் வசதி இருந்தால் செங்குத்துக்கோடு (|) இட்டு அட்டவணை எழுதுங்கள். மூலத்தில் கோணலாகத் தெரிந்தாலும் வெளியீட்டில் நேராக வரும். அதில் கட்டங்களை இணைக்க முடியாது, கட்டத்துக்குள் பட்டியல் போட முடியாது. அதை நான் குறையாக நினைப்பதில்லை. கட்டத்துக்குள் பட்டியல் தேவைப்படுகிறது என்றால் அது அட்டவணைக்கு உரிய விஷயமே அல்ல.

அட்டவணையைப் படமாகப் பிடித்து ஒட்டும் குறுக்குவழியும் வேண்டாம். பெரிதாக்கினால் மங்கும், தேடினால் கிடைக்காது, திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம்.

அகலமான அட்டவணை தவிர்க்க முடியாததாக இருந்தால், அட்டவணை மட்டும் பக்கவாட்டில் நகரும்படி அமைத்துவிட்டு, சுற்றியுள்ள உரை திரைக்குள் அடங்கட்டும். 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 என்ற, மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வகுத்த அணுகல்தன்மை விதிகள், 320 பிக்சல் அகலத்தில் உரையை இரு திசையிலும் நகர்த்தாமல் படிக்க முடிய வேண்டும் என்கின்றன. உண்மையான தரவு அட்டவணைக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. வடிவமைப்புக்காகப் போட்ட அட்டவணைக்குக் கிடையாது.

இதே குறிப்புகளை மின்னஞ்சலிலும் அனுப்புவீர்கள் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். விண்டோஸில் இயங்கும் பழைய வகை அவுட்லுக், 2007 பதிப்பிலிருந்து வேர்டின் இயந்திரத்தைக் கொண்டே மின்னஞ்சலைக் காட்டுகிறது; அதற்குக் கிரிட் தெரியாது. அங்கே படங்களை அடுக்க அட்டவணையே போடலாம். ஆனால் இது வடிவமைப்புக்கு மட்டும் என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் "பிரசன்டேஷன்" என்ற ரோல் குறிப்பை (role="presentation") அதில் சேர்த்துவிடுங்கள்.