புல்லுக்குப் பதில் ஜல்லி போடலாமா?

கேள்வி: செங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்வாசலில் 400 சதுர அடிக்குக் கொரியன் புல் வளர்த்தோம். சித்திரை வந்தால் கிணற்றுத் தண்ணீர் வீட்டுக்கே சரியாக இருக்கிறது. புல் காய்ந்து, நடுவில் கோரை கிளம்பிவிட்டது. ஜல்லி பரப்ப நினைக்கிறோம். அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரிக்கச் சொல்கிறார் கொத்தனார். செய்யலாமா? மாமியார் வெறுங்காலோடுதான் பூப்பறிக்கப் போவார்.
- ஒரு வாசகி

பதில்: தாராளமாக ஜல்லி போடுங்கள் அம்மா. பிளாஸ்டிக் ஷீட் மட்டும் வேண்டாம். நமக்கு ஆரியங்காவு கணவாய் வழியாக ஆனி, ஆடியில் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. வருஷத்தில் இரண்டு தரம் நனைகிற மண் இது. புளியரையில் வீடு கட்டிய புதிதில் நானும் ஷீட்தான் விரித்தேன். சாரல் பிடித்ததும் தண்ணீர் இறங்க வழியில்லாமல் ஜல்லிக்குள்ளேயே நின்றது. கல்லெல்லாம் பாசி. புரட்டாசியில் பார்த்தால் கோரை ஷீட்டைக் குத்திக்கொண்டு ஊசி ஊசியாக நிற்கிறது. கூலி கொடுத்து மொத்தத்தையும் அள்ளினேன். உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

முதல் வேலை கோரைதான். அரையடி ஆழம் கொத்தி, மண்ணைக் கையால் உடைத்துப் பாருங்கள். கொண்டைக்கடலை அளவில் கறுத்த கிழங்குகள், நூலில் கோத்த மணி மாதிரி வரிசையாக வரும். பிடித்து இழுத்தால் நூல் அறுந்து, மிச்சக் கிழங்கு ஒவ்வொன்றும் தனியாக முளைக்கும். தோண்டித்தான் எடுக்க வேண்டும். உரக்குழியில் போடாதீர்கள், அங்கேயும் முளைக்கும். அப்புறம் தண்ணீர் தெளித்துப் பதினைந்து நாள் விடுங்கள். தப்பியது தலைகாட்டும், மறுபடி கொத்துங்கள். பங்குனி, சித்திரை வெயில்தான் இதற்கு நேரம். சாரல் தொடங்கிவிட்டால் கொத்துவது வீண்.

சரி, மண் சுத்தமானதும் சுவரிலிருந்து தெருப்பக்கம் பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் கொடுத்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள். ஷீட்டுக்குப் பதில் தண்ணீர் இறங்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி. சுற்றிலும் செங்கலைக் குத்துக்கல்லாக நட்டால் ஜல்லி வழியாது.

20 மி.மீ. ஜல்லி வாங்குங்கள், கேரளப் பக்கத்து லாரிக்காரர் என்றால் ‘மெட்டல்’ என்று கேட்க வேண்டும். இரண்டு அங்குல கனத்துக்குச் சுமார் 67 கன அடி ஆகும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. முக்கால் யூனிட் போதும், லாரிக்காரர் சொன்னாலும் இரண்டு யூனிட் இறக்கிவிடாதீர்கள். கூழாங்கல் அழகுதான், ஆனால் காலடியில் உருளும். உடைகல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும்.

ஜல்லி பகல் சூட்டை வாங்கி ராத்திரி வரை வைத்திருக்கும். அதனால் ஜன்னலடியில் இரண்டடி மண்ணை அப்படியே விட்டு, இட்லிப்பூச் செடி வையுங்கள்.

மாமியார் நடக்கச் சொரசொரப்பான கருங்கல் பலகைகள் பதித்துக் கொடுங்கள். வழவழப்பான கடப்பாக்கல் சாரலில் வழுக்கும். துணி விரிக்கும் முன், மண்ணை ஈரமாக்கி அவரையே பூச்செடி வரை நடக்கச் சொல்லுங்கள். கால் பதிந்த இடத்திலெல்லாம் குச்சி நட்டு வையுங்கள். அங்கங்கே ஒரு கல்.