குடும்ப வாழ்க்கையைச் சொல்லும் இத்தாலியப் படங்களில் எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி கேட்டவர் 'லைஃப் இஸ் ப்யூட்டிஃபுல்' மட்டும்தான் பார்த்திருக்கிறாராம். சிரிப்பும் அழுகையும் கலந்த, வீட்டுக்குள்ளேயே நடக்கிற இத்தாலியப் படங்கள் வேண்டும், எதை முதலில் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

2008இல் வந்த 'ப்ரான்ஸோ தி ஃபெர்ரகோஸ்தோ'விலிருந்து தொடங்குங்கள். ஆகஸ்ட் பதினைந்து மதியச் சாப்பாடு என்று பொருள். ஒன்றேகால் மணி நேரப் படம். யாரும் யாரையும் அடிப்பதில்லை, யாரும் சாவதில்லை. நான்கு பாட்டிகளும் ஒரு சமையலறையும்தான் கதை.

ஆகஸ்ட் 15 இத்தாலியில் மாதாவின் விண்ணேற்புத் திருநாள், நடுக்கோடை விடுமுறை. ஊரே கடற்கரைக்குப் போய்விடும், கடைகள் மூடிக் கிடக்கும். ரோமில் மிஞ்சுவது வயசானவர்களும் அவர்களை விட்டுப் போக முடியாதவர்களும்தான். அப்படி மிஞ்சிய ஒருவர் ஜான்னி. அறுபதை நெருங்கும் வயசு. கல்யாணம் இல்லை, வேலை இல்லை. திராஸ்தேவெரே பகுதியின் பழைய அடுக்குமாடி வீடொன்றில், தொண்ணூறு தாண்டிய அம்மாவோடு இருக்கிறார். கட்டடப் பராமரிப்புப் பணம் வருடக்கணக்கில் பாக்கி. நிர்வாகி வந்து, "பாக்கியை விட்டுவிடுகிறேன், விடுமுறைக்கு என் அம்மாவை நீ வைத்துக்கொள்" என்கிறார். ஜான்னியால் மறுக்க முடியவில்லை. ஆனால் அந்த ஆள் அம்மாவோடு இன்னொரு பாட்டியையும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார். இதற்கு நடுவில் ஜான்னிக்கு உடம்பு ஒரு மாதிரி இருக்க, டாக்டர் நண்பரைக் கூப்பிடுகிறார். அவரும் பரிசோதித்து முடித்த கையோடு, "இன்றைக்கு எனக்கு ராத்திரி டியூட்டி, என் அம்மாவையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வாயா?" என்கிறார்.

"அம்மாவை யார் வைத்துக்கொள்வது?" நான் பார்த்த நல்ல இத்தாலியக் குடும்பப் படங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன. 'பார்த்துக்கொள்வது' என்று சொன்னால் அதில் ஒரு பரிவு இருக்கிறது. 'வைத்துக்கொள்வது' என்றால் பீரோவை யார் வீட்டில் வைப்பது என்கிற மாதிரி. நிர்வாகி கேட்பது இரண்டாவது. பணத்துக்காக ஒப்புக்கொண்ட ஜான்னி, தனக்கே தெரியாமல் முதலாவதைச் செய்ய ஆரம்பித்துவிடுகிறார். படத்தின் அழகே இந்த மாற்றம்தான். அதைப் பற்றி யாரும் ஒரு வசனம்கூடப் பேசுவதில்லை.

படத்தை எழுதி இயக்கி ஜான்னியாக நடித்தவரும் ஒருவரே, ஜான்னி தி கிரெகோரியோ. அதுவரை திரைக்கதை எழுதிக்கொண்டிருந்தவர். அதே 2008இல் வந்த 'கொமோர்ரா' என்ற மாஃபியா படத்தின் திரைக்கதையிலும் அவர் பங்கு உண்டு. அதன் இயக்குநர் மத்தேயோ கர்ரோனேதான் இந்தப் படத்தின் தயாரிப்பாளர். தி கிரெகோரியோ நிஜத்தில் தன் அம்மாவைப் பல வருடம் கவனித்துக்கொண்டவர். படம் எடுத்ததும் அவருடைய சொந்த வீட்டில்தான். கட்டட நிர்வாகி ஒருவர் உண்மையாகவே அவரிடம் இப்படிக் கேட்டிருக்கிறார். அவர் அப்போது மறுத்துவிட்டார். ஒப்புக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்ததில் பிறந்த கதை இது. பாட்டிகள் நால்வரும் தொழில்முறை நடிகைகள் இல்லை. அதனால்தான் அவர்கள் ஒருவரை ஒருவர் முறைப்பதும், டிவிக்காக மல்லுக்கு நிற்பதும், சமையலில் யார் கை ஓங்குவது என்று மௌனமாகப் போட்டி போடுவதும் அத்தனை நிஜமாக இருக்கிறது. வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த முதல் படத்துக்கான விருதை வாங்கும்போது அவருக்கு வயது 59.

டாக்டரின் அம்மாவுக்குப் பத்தியச் சாப்பாடு. மகன் பட்டியலே போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஆனால் அடுப்பில் வேகிற மாக்கரோனி வாசனையை வைத்துக்கொண்டு எந்தப் பட்டியல் நிற்கும்? நடுராத்திரியில் அந்த அம்மா ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறார். அந்த முகத்தில் குற்ற உணர்ச்சி துளியும் இல்லை. வெகுநாள் கழித்து ஊருக்கு வந்தவரின் முகம் அது.

இந்தப் படத்தை நான் என் அம்மாவோடு பார்த்தேன். அம்மாவுக்கு சப்டைட்டில் ஓடுகிற வேகத்தில் படிக்க வராது. நான் உரக்கப் படித்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். படத்தின் தொடக்கத்திலேயே ஜான்னி தன் அம்மாவுக்கு 'மூன்று மஸ்கட்டியர்கள்' நாவலைப் படித்துக் காட்டுகிறார். அந்த இடத்தில் அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார். அப்புறம் பாதிப் படத்தில், "நாலு பேருக்கும் ஆக்கிப் போடுறான், அவன் எப்ப சாப்பிடுவான்?" என்று கேட்டார். ஜான்னி கையில் எப்போதும் ஒரு கிளாஸ் வெள்ளை ஒயின் இருக்கும். அதை அம்மா சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை.

இதைப் பார்த்த ஒரு வாரத்துக்குள் மரியோ மொனிசெல்லியின் 'பரேந்தி செர்பேந்தி' (1992) பாருங்கள். 'உறவுக்காரப் பாம்புகள்' என்று தமிழில் வைக்கலாம். அதே கேள்விதான், ஆனால் மொனிசெல்லி சொல்லும் பதில் நெஞ்சை உறைய வைக்கும். அப்ரூத்ஸோ மலைப்பகுதியில் சுல்மோனா என்று ஒரு சிற்றூர். கவிஞர் ஓவிட் பிறந்த ஊர், சர்க்கரைப் பாகு பூசிய பாதாமுக்குப் பேர்போன ஊர். அங்கே தாத்தாவும் பாட்டியும் தனியாக இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு நான்கு பிள்ளைகளும் மனைவி, கணவன், குழந்தைகளோடு வந்து இறங்குகிறார்கள். முதல் ஒரு மணி நேரம் ஒரே கொண்டாட்டம்: சமையல், சீட்டாட்டம், நள்ளிரவுப் பூசை, பழைய கதைகள். கதையைச் சொல்வது ஒரு பேரன். பள்ளிக்கூடத்துக் கட்டுரை எழுதுகிற தொனியில் சொல்லிக்கொண்டே போகிறான்.

சாப்பாட்டு மேசையில் பாட்டி சாதாரணமாகச் சொல்கிறார்: எங்களுக்கு வயசாகிவிட்டது, இனி தனியாக இருக்க முடியாது, உங்களில் ஒருவர் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். யார் வைத்துக்கொள்கிறீர்களோ அவர்களுக்கு இந்த வீடும் எங்கள் பென்ஷனில் ஒரு பங்கும். யார் என்பதை நீங்களே பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்கள்.

அந்த நொடியில் மேசையைச் சுற்றியிருக்கும் முகங்களைக் கவனியுங்கள். ஒருவரும் 'மாட்டேன்' என்று சொல்வதில்லை. எல்லாருக்கும் சந்தோஷம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அம்மா அந்தப் பக்கம் போனதும் ஆரம்பிக்கிறது. என் வீடு சின்னது, உனக்குக் குழந்தை இல்லை, நீ கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை, போன வருஷம் நான்தான் செலவு பண்ணினேன். இந்த வாக்குவாதம் வாய்க்கு வாய் எவ்வளவு துல்லியம் என்றால், நான் சிரித்துக்கொண்டே இருந்து ஒரு கட்டத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். முடிவை இங்கே எழுதப் போவதில்லை. வேறெங்கும் படித்துவிடாதீர்கள். இதை எடுத்தபோது மொனிசெல்லிக்கு வயது எழுபதுக்கு மேல். பிள்ளைகளின் பக்கத்திலிருந்து எடுத்த படம் இல்லை அது.

ஏன் இத்தனை கசப்பான விஷயத்தைச் சிரிப்பாகச் சொல்கிறார்கள் என்று தோன்றலாம். அது அவர்களுடைய பழைய பழக்கம். 1961இல் பியெத்ரோ ஜெர்மி 'திவோர்ஸியோ அல்லிதாலியானா' எடுத்தார், 'இத்தாலியப் பாணி விவாகரத்து'. அப்போது இத்தாலியில் விவாகரத்துக்கே சட்டம் இல்லை. ஆனால் 'மானம் போயிற்று' என்று மனைவியைக் கொன்றால் குற்றவியல் சட்டம் 587ஆம் பிரிவின்படி மூன்றிலிருந்து ஏழு வருடத்தோடு போய்விடும். படத்தின் கதாநாயகன் அந்தச் சட்டத்தை நம்பித் திட்டம் போடுகிறான். விவாகரத்துச் சட்டம் 1970இல்தான் வந்தது. கணவன் மனைவி இருவரும் வீட்டில் சமம் என்று சட்டம் சொன்னது 1975இல். அந்த 587ஆம் பிரிவு 1981 வரை உயிரோடு இருந்தது. இப்படிப்பட்ட சட்டங்களோடு வாழ்ந்த ஜனங்கள், வீட்டைப் பற்றி உண்மை பேச நகைச்சுவையை ஒரு வழியாகப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பாணிக்கு 'கொமேதியா அல்லிதாலியானா' என்ற பெயரே இந்தப் படத்தின் தலைப்பிலிருந்து வந்ததுதான்.

எத்தோரே ஸ்கோலாவின் 'லா ஃபமீல்யா' (1987) கொஞ்சம் பொறுமை கேட்கும், கொடுங்கள். 1906இலிருந்து 1986 வரை எண்பது வருடக் கதை. கேமரா ஒரு முறைகூட அந்த ரோம் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. இரண்டு உலகப் போரும் முசோலினி ஆட்சியும் அந்த வீட்டு வாசலோடு சரி. ஒரு ஞானஸ்நானத்துக்கு எடுத்த குடும்பப் புகைப்படத்தில் தொடங்குகிறது. அதில் கைக்குழந்தையாக இருப்பவர்தான் கதை சொல்லும் கார்லோ. அவருடைய எண்பதாவது பிறந்தநாள் புகைப்படத்தில் முடிகிறது. ஒவ்வொரு முறை காலம் நகரும்போதும் கேமரா அந்த வீட்டின் நீண்ட நடையில் மெல்லப் போகும். போய் முடியும்போது பத்து வருடம் கடந்திருக்கும். நடை மட்டும் அப்படியே இருக்கும். கார்லோவின் தம்பி ஜூல்யோவாக இளவயதில் மாஸ்ஸிமோ தப்போர்த்தோவும், முதுமையில் அவருடைய நிஜ அப்பா கார்லோ தப்போர்த்தோவும் நடித்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் ஒரு முகம் கிழடாவது வேறு மாதிரி உறைக்கும்.

ஜூசெப்பே தொர்னதோரேயின் 'ஸ்தான்னோ தூத்தி பேனே' (1990) கேள்வியைத் திருப்பிப் போடுகிறது. சிசிலியில் தனியாக இருக்கும் மத்தேயோ, பிள்ளைகள் யாரும் வரவில்லை என்று தானே கிளம்பிவிடுகிறார். நேப்பிள்ஸ், ரோம், ஃப்ளாரன்ஸ், மிலான், தூரின் என்று ரயிலில் ஒவ்வொருவராகப் பார்க்கப் போகிறார். ஓப்பரா பைத்தியம் பிடித்தவர், ஐந்து பிள்ளைகளுக்கும் ஓப்பரா பாத்திரங்களின் பெயர் வைத்திருக்கிறார்: தோஸ்கா, நோர்மா, கானியோ, குல்யெல்மோ, அல்வாரோ. போகிற இடத்திலெல்லாம் பிள்ளைகள் நன்றாக இருப்பது போல நடிக்கிறார்கள். மத்தேயோவாக நடிக்கும், பெரிய கண்ணாடி போட்ட மார்செல்லோ மாஸ்த்ரோயான்னி எல்லாவற்றையும் பார்க்கிறார், பார்க்காதது போலவும் இருக்கிறார். கடைசியில் மனைவியின் கல்லறைக்குப் போய் அவர் சொல்வதுதான் படத்தின் தலைப்பு: எல்லாரும் நல்லா இருக்காங்க. ராபர்ட் டி நீரோ நடித்து 2009இல் ஹாலிவுட்டில் மறுபடி எடுத்தார்கள். அதை முதலில் பார்த்துவிடாதீர்கள்.

பாவ்லோ விர்ஸியின் 'லா ப்ரீமா கோசா பெல்லா' (2010) எனக்கு இந்தப் பட்டியலிலேயே நெருக்கமானது. 1971, லிவோர்னோ கடற்கரை. அழகான அம்மா என்று ஒரு விளையாட்டுப் போட்டியில் அன்னாவை மேடையேற்றிவிடுகிறார்கள். புருஷனுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு குழந்தைகளோடு வீட்டை விட்டுத் துரத்துகிறான். பல வருடம் கழித்து, சாகக் கிடக்கும் அந்த அம்மாவைப் பார்க்க மகன் புரூனோவை வலுக்கட்டாயமாக அழைத்து வர வேண்டியிருக்கிறது. அம்மாவோ மரணப் படுக்கையிலும் சிரித்துக்கொண்டு, ஊரையே பிடித்து வைத்துக்கொண்டு இருக்கிறார். எப்போதும் சிரித்த அம்மாவை மகன் ஏன் மன்னிக்கவில்லை என்பது படம் முழுக்க மெல்ல மெல்ல அவிழ்கிறது. இளவயது அன்னாவாக மிக்கயேலா ராமத்ஸோத்தி, வயதானவராக ஸ்தெஃபானியா சாந்த்ரெல்லி. இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதில் எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை.

சமீபத்தில் வந்ததில் பாவ்லா கோர்தெல்லேசியின் 'சே அங்கோரா தொமானி' (2023), அதாவது 'நாளை என்று ஒன்று இருக்கிறது'. கறுப்பு வெள்ளைப் படம். 1946 ரோமில், காலையில் கண் விழித்த உடனே கன்னத்தில் அறை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குகிற தேலியாவின் கதை. இங்கே படுக்கையில் கிடக்கும் மாமனாரை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியே எழுவதில்லை. மருமகள் இருக்கிறாளே! அவளை எப்படி அடிக்க வேண்டும் என்று மகனுக்குப் பாடம் சொல்வதும் அந்த மாமனார்தான். குடை ரிப்பேர் கடையில் புதிதாகச் சேர்ந்த பையனுக்குத் தன்னைவிடக் கூடுதல் சம்பளம் ஏன் என்று கேட்கிறாள். அவன் ஆம்பளை, அவ்வளவுதான் பதில். புருஷன் அடிக்கும் காட்சி ஒன்றைக் கோர்தெல்லேசி பாட்டுக்கு ஆடும் நடனம் போலவே எடுத்திருக்கிறார். முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை. அப்புறம் புரிந்தது: தினமும் நடப்பதால் இருவருக்கும் அடவு மனப்பாடம். அந்த வருடம் இத்தாலியில் 'பார்பி'யையும் தாண்டி அதிக வசூல் செய்தது இதுதான். தேலியாவுக்கு ஒரு கடிதம் வருகிறது. அதில் என்ன இருக்கிறது என்பதைப் படம் சொல்லும்போது தெரிந்துகொள்ளுங்கள்.

ஃபெர்ஸான் ஓஸ்பெதெக்கின் 'மினே வகாந்தி' (2010), லெச்சே ஊரில் பாஸ்தா தொழிற்சாலை வைத்திருக்கும் குடும்பம். அதன் பாட்டிக்காகவே பார்க்கலாம். கபிரியேலே முச்சீனோவின் 'அ காசா தூத்தி பேனே' (2018) பலருக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு அதில் எல்லாரும் கத்திக்கொண்டே இருப்பதாகத் தோன்றியது. கத்துவதற்கு முன்னால் வருகிற அமைதியைக் காட்டத் தெரிந்த படங்களை மேலே எழுதிவிட்டேன்.

வரிசை வேண்டுமென்றால் முதலில் பாட்டிகள், அப்புறம் பாம்புகள், அதற்குப் பிறகு உங்கள் இஷ்டம். முதல் படத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். என் அம்மா அதற்கப்புறம் இரண்டு முறை கேட்டுவிட்டார், முழுப் படம் வேண்டாமாம். "அந்தப் பத்தியக்காரம்மா ராத்திரி எடுத்துத் திங்கிற இடம் இருக்கே, அத மட்டும் போடு."