கிளட்ச் பெடல் கீழேயே படுத்துவிடுகிறது, கிளட்ச் செட் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

மிதித்த கிளட்ச் பெடல் மேலே வருவதில்லை, காலால் தூக்கிவிட வேண்டியிருக்கிறது, மெக்கானிக் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் எல்லாம் சேர்ந்த கிளட்ச் செட்டையே மாற்றச் சொல்கிறார், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பிளேட் தேய்ந்த வண்டி வேறு மாதிரி படுத்தும். இன்ஜின் கத்தும், வேகம் ஏறாது, மேட்டில் கருகல் வாடை வரும். பெடல் கீழேயே நின்றுவிடுவது பெரும்பாலும் பெடலுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கிற கோளாறு.

எனக்கு இது கொல்லிமலையில் நடந்தது. காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். நாற்பதைத் தாண்டி ஒரு வளைவில் முதல் கியருக்கு மாற்ற மிதித்தேன், பெடல் அப்படியே தரையோடு படுத்துக்கொண்டது. பின்னால் பஸ்காரர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. செருப்பு நுனியை அடியில் கொடுத்துத் தூக்கி, ஏழெட்டு தடவை அடித்த பிறகுதான் பெடலுக்கு உயிர் வந்தது. ஊர் திரும்பியதும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பெடலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், “கியர்பாக்ஸ் இறக்கணும் சார், செட்டா மாத்திடலாம்” என்றார்கள்.

மனசு கேட்காமல் எங்கள் தெருமுனைப் பட்டறைப் பெரியவரிடம் போனேன். அவர் போனட்டைக்கூடத் திறக்கவில்லை. டிரைவர் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு மல்லாந்து படுத்து, கையில் இருந்த பனியன் வேஸ்ட்டால் பெடலுக்கு மேலே ஒரு இடத்தைத் துடைத்து என்னிடம் நீட்டினார். கறுப்பாக ஈரம். “மேல் சிலிண்டர் வாஷர் போச்சு தம்பி. இதுக்கு எதுக்குக் கியர்பாக்ஸை இறக்கணும்?” மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளுகிற, பெடலை ஒட்டிய மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வளையத்தைத்தான் அவர் வாஷர் என்றார்.

நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். முதலில் தரை மேட்டைச் சுருட்டி வெளியே எடுத்துவிட்டு மிதித்துப் பாருங்கள். சிரிக்காதீர்கள், பெடலில் மேட் சிக்கிக்கொள்வதும் உண்டு. அப்புறம் உங்கள் வண்டியில் பெடலின் மிதியைக் கிளட்சுக்குக் கொண்டுபோவது கம்பிக் கேபிளா, ஆயில் அழுத்தமா என்று தெரிந்துகொள்ளுங்கள். மாருதி 800 மாதிரிப் பழைய சின்ன வண்டிகளில் கேபிள். ஆயில் வண்டிகள் பலவற்றில் பிரேக் ஆயில் டப்பாவிலிருந்தே கிளட்சுக்கும் ஒரு குழாய் போகும். அந்தக் குழாய் டப்பாவில் சற்று உயரத்தில் இருக்கும். ஆயில் குறைந்தால் முதலில் கிளட்ச் போகும், பிரேக்குக்கு மிச்சம் இருக்கும். அதனால் டப்பாவில் ஆயில் இறங்கியிருந்தால் வெறுமனே ஊற்றி நிரப்பிவிட்டு ஓட்டாதீர்கள், எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்கள். பெடல் தண்டு மாஸ்டர் சிலிண்டருக்குள் நுழையும் இடம் ஒன்று. அந்த ஆயில் அழுத்தத்தை வாங்கிக் கிளட்சைத் தள்ளுகிற, கியர்பாக்ஸ் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறை இன்னொன்று, அதை லேசாக விலக்கினால் உள்ளே ஈரம் தெரியும். சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கும். அது ஒழுகினால் மட்டும் கியர்பாக்ஸ் இறக்காமல் முடியாது.

ஒழுகலே இல்லையா? வாஷர் உள்ளுக்குள்ளேயே ஆயிலை விட்டுக்கொடுக்கலாம். மெதுவாக மிதித்தால் கியர் விழாது, வெடுக்கென்று மிதித்தால் விழும். சமதளத்தில், எதிரே ஆள் இல்லாத இடத்தில், இன்ஜின் ஓட, முதல் கியர் போட்டு கிளட்சை முழுக்க மிதித்தபடி ஒரு நிமிஷம் இருங்கள், வலது கால் பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். இடது கால் அசையாமல் இருந்தும் வண்டி நகரப் பார்த்தால் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டர் மேல்தான். பல பெடல்களில் உதவிக்கு ஒரு ஸ்பிரிங் உண்டு. பாதி தாண்டியதும் அதுவே பெடலைக் கீழே இழுக்கும். ஆயில் அழுத்தம் இல்லாவிட்டால் திருப்பித் தள்ள ஆள் இல்லை, பெடல் படுத்துவிடும்.

சூட்டில் மட்டும் படுத்து, ஆறினால் சரியாகிறது என்றால் ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய பழைய ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதித்து ஆவிக்குமிழி விடும், அழுத்தம் போய்விடும். டாட் 3 என்கிற பிரேக் ஆயில் வகைக்குத் தர அளவுப்படி புதிதில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 140தான். என் வண்டியில் டிகாஷன் நிறத்தில் இருந்தது, மாற்றி எத்தனை வருஷமோ. மூடியில் போட்டிருக்கிற வகையை மட்டும் ஊற்றுங்கள். இன்ஜின் ஆயிலை ஊற்றினால் வாஷர் எல்லாம் உப்பி, பிரேக்கும் சேர்ந்து போகும்.

கேபிள் வண்டி என்றால் வேலை சுலபம். கியர்பாக்ஸ் பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு, பெடலைக் கையால் ஆட்டுங்கள். அப்போதும் இறுகினால் கேபிளோ, பெடல் சுழலும் இடத்துப் புஷ்ஷோதான். பிரிந்த கம்பி இழை உறைக்குள் மாட்டிக்கொள்ளும், அதற்குப் புதுக் கேபிள்தான் மருந்து. பெடல் லேசாக ஆடி, கியர்பாக்ஸ் மேலிருக்கும் லிவர் மட்டும் இறுக்கமாக இருந்தால் உள்ளே கிளட்சை விலக்குகிற ரிலீஸ் பேரிங்கோ, அதைத் தள்ளுகிற ஃபோர்க்கோ காய்ந்திருக்கும். அந்த நிலையில் உங்கள் மெக்கானிக் சொல்வதில் நியாயம் உண்டு. எப்படியும் இறக்கத்தான் போகிறார், கூலி ஒன்றுதான், செட்டையும் மாற்றிவிடலாம்.

எனக்கு அன்று வாஷர் கிட், புது ஆயில், குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி ஏர் எடுக்கிற வேலை, அவ்வளவோடு முடிந்தது. ஏர் எடுக்கும்போது பெடலை மிதித்துக்கொடுத்தது நான்தான். உங்கள் வண்டி கேபிளா ஆயிலா, பெடலுக்கு மேலே துடைத்தால் ஈரம் இருக்கிறதா, இந்த இரண்டையும் சொல்லுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.