வாசகர் கேள்வி பதில்: கணினித் துறைக்குள் நுழைய என்ன தெரிந்திருக்க வேண்டும்?

இந்த மாதம் ஐ.டி. வேலை பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: உயர்தரம் கலைப் பிரிவில் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். ஒருவர் ஜாவா படி என்கிறார், இன்னொருவர் பைத்தன் என்கிறார். எதைப் படித்தால் வேலை நிச்சயம்? (வாசகர், தலவாக்கலை)

பதில்: தம்பி, எந்த நிரல் மொழியைப் படித்தாலும் வேலை நிச்சயம் என்று யாரும் சொல்ல முடியாது. பைத்தனில் தொடங்குங்கள், அந்த விவாதத்தை அதோடு விட்டுவிடுங்கள். ஒன்றை ஒழுங்காகப் படித்தவருக்கு அடுத்தது கஷ்டமாக இருக்காது. ஆள் எடுக்கிறவர்கள் பார்ப்பது வேறு. நீங்கள் ஒன்றைத் தொடங்கி, முடித்து, இன்னொரு ஆள் பாவிக்கிற அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்களா, நடுவில் என்ன சிக்கல் வந்தது, அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று விளங்கப்படுத்த முடியுமா என்றுதான் பார்ப்பார்கள்.

என்ன செய்வது என்று யோசிக்கிறீர்களா? வீட்டில் யாராவது கொழுந்து பறிக்கிறார்கள் என்றால் அவர்களுடைய சம்பளச் சிட்டையை எடுத்து வையுங்கள். தினமும் பறித்த கிலோவைப் பதிந்து வைத்து, மாதக் கடைசியில் சிட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கிற ஒரு சின்னச் செயலி செய்யுங்கள். கேட்க லேசாக இருக்கும், செய்யும்போதுதான் தெரியும். முழுப்பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, எத்தனை கிலோ என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம், போட்ட நாளை எப்படிக் கணக்கெடுப்பது, மேலதிகக் கிலோவுக்கு என்ன விலை, கிலோவுக்கு இவ்வளவு என்று கைக்காசுக்குப் பறித்த ஞாயிற்றுக்கிழமை எந்தக் கணக்கில் சேரும், திருவிழா முற்பணமும் சங்கச் சந்தாவும் எந்த மாதத்தில் கழிபடுகின்றன, ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 சதவீதம் பிடித்து நிர்வாகம் 12 சதவீதம் போட வேண்டும், அதுபோக நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் மட்டும் 3 சதவீதம் என்று ஒவ்வொன்றாக வரும். இதையெல்லாம் அம்மாவிடமும் பக்கத்து லயத்து அக்காவிடமும் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பெரிய கம்பனிகளில் இப்படிக் கேட்டு எழுதுகிற வேலைக்கென்றே தனியாக ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

அப்புறம் காசுக் கணக்கு. பைத்தனில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள், சரியாக 0.3 வராது, பின்னால் ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும். கணினி தசமங்களை இரும எண்ணாக வைத்திருப்பதால் வருகிற பிசகு அது. அதனால்தான் பணத்தைச் சதமாக, முழு எண்ணாக வைத்துக் கணக்குப் போடுவார்கள். இந்த ஒரு விஷயத்தை நேர்முகப் பரீட்சையில் உங்கள் சொந்த வேலையை வைத்தே சொன்னால், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். தமிழில் பெயர்களைப் பதியும்போது இன்னொன்றும் வரும்: ‘மலையகம்’ என்று கொடுத்து நீளம் கேட்டால் பைத்தன் 7 என்று சொல்லும், நம் கண்ணுக்கு ஐந்து எழுத்துதான். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுத்து வைத்திருக்கிற யூனிகோடு முறையில் ‘லை’ என்பது ல ஒன்று, ஐகாரக் குறி ஒன்று. ‘ம்’ என்பது ம ஒன்று, புள்ளி ஒன்று. யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பெயர்ப் பட்டியல் கையில் கிடைத்தால் இன்னும் நல்லது, அதை யூனிகோடுக்கு மாற்றுகிற வேலையில் ஒரு டிப்ளோமா அளவுக்குப் படிக்கலாம். செய்ததையெல்லாம், நிரல்களைச் சேமித்துப் பிறருக்குக் காட்டுகிற இணையத்தளமான கிட்ஹப்பில் போட்டு வையுங்கள். நிரலில் செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கிற கிட் மென்பொருளின் பழக்கம் முதல் நாளிலிருந்தே வேண்டும், வேலைக்குப் போன இடத்தில் அதை யாரும் உட்கார்ந்து சொல்லித்தர மாட்டார்கள்.

கலைப் பிரிவு என்று தயங்க வேண்டாம். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி நடத்துகிற பி.ஐ.டி. எனும் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்துக்குக் கணிதம், விஞ்ஞானம் படித்தவர்கள் மட்டும்தான் வரலாம் என்று இல்லை. முதல் வருடம் முடித்தால் டிப்ளோமா, இரண்டாம் வருடம் உயர் டிப்ளோமா, மூன்றாம் வருடம் பட்டம். இடையில் நிறுத்த வேண்டி வந்தாலும் வெறுங்கையோடு நிற்க மாட்டீர்கள்.

கேள்வி: என் மகள் சாதாரண தரம் முடித்திருக்கிறாள். டவுனில் ஒரு இடத்தில் இரண்டு இலட்சம் ரூபாய்க்கு டிப்ளோமா தருகிறார்கள், ஆறு மாதத்தில் மென்பொருள் பொறியியலாளர் ஆகலாம் என்றார்கள். நகையை அடகு வைத்துச் சேர்க்கலாமா? (ஒரு தாய், பொகவந்தலாவை)

பதில்: வேண்டாம் அம்மா. நகையை வைக்காதீர்கள். சாதாரண தரம் முடித்த பிள்ளை ஆறு மாதத்தில் பொறியியலாளர் ஆக முடியாது. அப்படிச் சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது, ஏனென்றால் இந்தக் காசு எப்படிச் சேர்ந்தது என்று நமக்குத் தெரியும்.

எந்த இடத்துக்குப் போனாலும் இரண்டு விஷயம் கேளுங்கள். நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகி இருக்கிறதா? மகள் படிக்கப்போகிற அந்தப் பாடநெறிக்கே தரச்சான்று இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு. பதிவு இலக்கத்தைச் சுவரில் பெரிதாக மாட்டியிருப்பார்கள், பாடநெறிக்குச் சான்று இருக்காது. தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ., எத்தனையாம் மட்டம் கிடைக்கும் என்று கேளுங்கள். 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மொரட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகவே ஒரு பயிற்சித் தொடர் நடத்துகிறது, பைத்தன் அடிப்படையில் தொடங்கி வலைத்தளம் அமைப்பது வரை போகும், கடைசியில் தொழில் நடைமுறை என்றே ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். மகள் அதில் முதல் இரண்டு பாடத்தை முடிக்கட்டும். பிடித்துப்போனால் அப்புறம் காசு செலவழிப்பதைப் பற்றி யோசிக்கலாம். உயர்தரத்தையும் அவள் விட வேண்டாம், தொழில்நுட்பப் பிரிவு உள்ள பாடசாலை பக்கத்தில் இருந்தால் விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: கோடிங் ஓரளவு வரும். ஆனால் தமிழ்மூலம் படித்தவன், ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. (வாசகர், பண்டாரவளை)

பதில்: பேச்சைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வையுங்கள், எழுத்தைப் பிடியுங்கள். இந்தத் தொழிலில் பெரும்பாலான பேச்சு எழுத்தில்தான் நடக்கிறது: மின்னஞ்சல், அரட்டைச் செய்தி, பிழை அறிக்கை. பிழை அறிக்கை எழுதத் தெரிந்த ஆளுக்கு எந்தக் குழுவிலும் மதிப்பு உண்டு. ‘வேலை செய்யவில்லை, பாருங்கள்’ என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. நான் என்ன செய்தேன், என்ன வரும் என்று எதிர்பார்த்தேன், உண்மையில் என்ன வந்தது, இந்த மூன்றையும் எழுதுங்கள். உதாரணமாக, ‘ஏப்ரல் 14ஆம் திகதிக்குக் கொழுந்து நிறை போடாமல் சேமித்தேன், அன்றைக்கு மட்டும் பூச்சியம் வர வேண்டும், ஆனால் மாதத்தின் மொத்தத் தொகையே காணாமல் போகிறது.’ முதலில் தமிழில் இப்படித் தெளிவாக எழுதிப் பழகி, அப்புறம் அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக்குங்கள். தமிழிலேயே குழப்பமாக இருப்பது ஆங்கிலத்தில் தெளிவாகாது.

திரையில் சிவப்பாக வருகிற பிழைச் செய்தியைப் பயந்து மூடிவிடுகிற பழக்கம் நம் பிள்ளைகளிடம் நிறைய இருக்கிறது. பைத்தன் என்றால் கடைசி வரியிலிருந்து மேல் நோக்கி வாசியுங்கள், என்ன பிழை என்று கடைசி வரியில் இருக்கும், எந்த வரியில் நடந்தது என்று அதற்கு மேலே இருக்கும். திரும்பத் திரும்ப வருகிற சொற்கள் கொஞ்சம்தான், ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் சீக்கிரமே பழகிவிடும். பேச்சுக்கு, நீங்கள் செய்த செயலியைப் பற்றி ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் போனில் பதிந்து கேளுங்கள், மறுபடி பேசுங்கள். சிங்களமும் கைவசம் இருந்தால் கொழும்பு ஒபிஸில் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார வேண்டி வராது, அங்கே பேசிக்கொள்வதில்தான் வேலையைப் பற்றிய பாதி விஷயம் தெரியவரும்.

கேள்வி: சாட்ஜிபிடி எல்லாவற்றையும் எழுதிவிடுகிறதே, இனி இதைப் படித்துப் பயன் உண்டா? (வாசகி, கொட்டகலை)

பதில்: உண்டு தங்கச்சி. 2022 நவம்பரில் அது வந்ததிலிருந்து வேலை செய்யும் விதம் மாறியிருப்பது உண்மைதான், அதைப் பாவிக்கத் தெரியாதவருக்கு இனிக் கஷ்டம். ஆனால் அது தப்பாக எழுதினாலும் சரியாக எழுதினாலும் ஒரே தைரியத்தோடுதான் எழுதும். அரைப்பேர் என்றால் உங்கள் தோட்டத்தில் என்ன கணக்கு என்று அதற்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்ல வேண்டும், வந்த விடையை நீங்கள் கையால் கணக்குப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். அது தந்த நிரலில் ஒரு வரி விளங்காவிட்டாலும் சேர்க்காதீர்கள், விளக்கம் கேளுங்கள். படிக்கிற காலத்தில் முதலில் நீங்களே முயன்று பாருங்கள், முட்டிக்கொண்டு நின்ற பிறகு கேளுங்கள்.

கேள்வி: லெப்டொப் இல்லை, போன் மட்டும்தான். (வாசகர், மஸ்கெலியா)

பதில்: பாடம் பார்க்கவும் சின்னப் பயிற்சிகளுக்கும் போன் போதும், இணைய உலாவியிலேயே பைத்தன் எழுதி ஓட்டிப் பார்க்கிற கூகுள் கொலாப் போனிலும் திறக்கும். ஆனால் தொழிலாகச் செய்ய விசைப்பலகை கட்டாயம். பாவித்த லெப்டொப் வாங்கும்போது 8 ஜிபி ரெம் (நினைவகம்), எஸ்.எஸ்.டி. (வேகமான சேமிப்பகம்) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்டால் பழைய இயந்திரமும் ஓடும். அதுவரை படித்த பாடசாலையின் கணினி அறையைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: இங்கிருந்தே வேலை செய்ய முடியாதா? கொழும்புக்கு அனுப்ப வீட்டில் பயப்படுகிறார்கள். (வாசகி, ஹட்டன்)

பதில்: முடியும், ஆனால் முதல் வேலைக்கே அதை எதிர்பார்க்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. தொடக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து, அவர் எப்படி யோசிக்கிறார் என்று பார்ப்பதில் கிடைப்பது வீடியோ அழைப்பில் கிடைக்காது. ஒன்றிரண்டு வருடம் போய் வாருங்கள். திரும்பி வந்து வீட்டிலிருந்து செய்யும்போது இரண்டு கம்பனி சிம், மின்வெட்டுக்குத் தாங்குகிற ஒரு பெட்டரி இரண்டும் கட்டாயம். வீட்டார் பயப்படுவது நியாயம், அதைத் தட்டிக் கழிக்காதீர்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் நம் ஊர்ப் பிள்ளைகள் தங்குகிற போர்டிங்குகள் இருக்கின்றன, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அம்மாவை ஒருமுறை நேரில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.